தொட்டுப் பார்க்காமல் 'இயல்பு' என்று எழுதாதீர்கள்: புற்றுநோய் மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவமனை நிர்வாகத்துக்கும் புற்றுநோய்ச் சிகிச்சைத் துறைத் தலைவர் அவர்களுக்கும்,

சென்ற மாதம் உங்களிடமிருந்து என் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. சிகிச்சை முடிந்து தொடர் கண்காணிப்பில் இருக்கும் எல்லாருக்கும் இனி ரிவியூ தொலைபேசியிலோ வீடியோ காலிலோதான் நடக்கும், மருத்துவர் தேவை என்று கருதினால் மட்டும் நேரில் அழைக்கப்படுவீர்கள் என்று அதில் இருந்தது. கூடவே, பெருந்தொற்றுக் காலத்தில் இந்த முறை நோயாளிகளிடம் நல்ல வரவேற்பைப் பெற்றது என்று ஒரு வரி. அந்த வரியைத்தான் என்னால் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லை. என்னோடு ஒரே அறையில் கீமோ ஏற்றிக்கொண்டவர்களில் இன்றும் தொடர்பில் இருக்கிற ஒன்பது பேரிடம் விசாரித்தேன், அவர்களிடமும் யாரும் கேட்கவில்லை. அதனால் கேட்காமலேயே சொல்கிறேன்.

எனக்கு 2019 நவம்பரில் இடது மார்பில் அறுவை சிகிச்சை நடந்தது. டிசம்பரில் கீமோ தொடங்கினார்கள். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்டைப் பெருந்தொற்று என்று அறிவித்தபோது எட்டில் ஐந்து கீமோ முடிந்திருந்தது. மீதி மூன்றையும், அப்புறம் ரேடியேஷனையும், அந்தக் கெடுபிடிகளுக்கு நடுவிலும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாமல் நீங்கள் நேரில் கொடுத்து முடித்தீர்கள். முகக்கவசத்துக்கு மேல் முகக்கவசம் போட்டுக்கொண்டு, வேர்த்து வழிய, அன்றைக்கு எங்களுக்கு ஊசி ஏற்றிய நர்சுகளை நான் மறக்கவே மாட்டேன். இந்த மடல் அவர்கள்மீது வைக்கும் புகார் இல்லை.

என் புகார் அதற்குப் பிறகு வந்தது பற்றி. 2020 ஜூலையில் ரேடியேஷன் முடிந்த அன்று ஒரு மருத்துவர் என்னைப் பரிசோதித்தார். அதற்குப் பின் 2020 செப்டம்பர், டிசம்பர், 2021 மார்ச், ஜூன், செப்டம்பர் என்று ஐந்து ரிவியூ. ஐந்தும் தொலைபேசியில். மிக நீண்டது ஏழு நிமிடம், மிகக் குறுகியது இரண்டு நிமிடத்துக்கும் கீழே. இதை நினைவிலிருந்து சொல்லவில்லை, என் கைபேசியின் அழைப்புப் பட்டியலைப் படமெடுத்து வைத்திருக்கிறேன். ஜூன் மாத அழைப்பில் இடது தோள்பட்டையில் வலி இருக்கிறது, கழுத்துவரை இழுக்கிறது என்று சொன்னேன். அறுவை சிகிச்சை நடந்த பக்கம் அப்படித்தான் இருக்கும், கைப்பயிற்சியை விடாமல் செய்யுங்கள் என்றார்கள். செய்தேன். செப்டம்பரில் அந்த வலியைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, பழகிப்போயிருந்தது.

அக்டோபரில் வேறு எதற்கோ வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஒரு பொது மருத்துவரிடம் போனேன். என் ஃபைலைப் பார்த்தவர் எழுந்து வந்து, கேட்காமலே என் கழுத்தின் இரண்டு பக்கமும் விரல் வைத்துப் பார்த்தார். இடது காறை எலும்புக்கு மேலே வந்ததும் விரல் நின்றுவிட்டது. மறுபடி அதே இடத்தில் அழுத்திப் பார்த்துவிட்டு, "இது எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டார். எனக்கு அங்கே ஒன்று இருக்கிறது என்பதே அப்போதுதான் தெரியும். ஒன்றரை சென்டிமீட்டர். மறுபடி ஸ்கேன், மறுபடி பயாப்ஸி, மறுபடி கீமோ.

இரண்டாவது சிகிச்சைக்காக என் மருத்துவப் பதிவுகளின் நகலைக் கேட்டு வாங்கினேன். அதில் அந்த ஐந்து ரிவியூக்களும் இருந்தன. ஐந்திலும் ஒரே மாதிரி எழுதியிருந்தது: பொது நிலை நன்று, கழுத்திலும் அக்குளிலும் நிணக்கணுக்கள் (நெறிக்கட்டிகள்) தென்படவில்லை, மறுபக்க மார்பகம் இயல்பு.

தென்படவில்லை. யாருடைய விரலுக்குத் தென்படவில்லை?

நான் வேண்டுமென்றே இந்த இடத்தில் நிதானமாகப் பேச விரும்புகிறேன். ஜூனில் என்னை நேரில் கூப்பிட்டிருந்தால் அந்தக் கட்டி அப்போதே தெரிந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. தெரிந்திருக்கலாம், தெரியாமலும் போயிருக்கலாம், எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆனால் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக எழுதியது நடந்த உண்மை. அநேகமாக யாரும் கெட்ட எண்ணத்தோடு எழுதியிருக்க மாட்டார்கள், கணினியில் முந்தைய ரிவியூவை அப்படியே நகலெடுத்துத் தேதியை மட்டும் மாற்றியிருப்பார்கள். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒருவர் செய்த தப்பு என்றால் அவரோடு முடிந்துவிடும். நகலெடுக்கும் வழக்கம் எத்தனை பேருடைய ஃபைலில் ஏறியிருக்கிறது என்று யார் எண்ணுவது? அடுத்து என்னைப் பார்க்கிற மருத்துவர் அந்தப் பதிவை நம்பித்தானே முடிவெடுப்பார்?

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்தவர்களை முதல் மூன்று வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை உடல் பரிசோதனை செய்ய வேண்டும் என்று, அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் அங்குள்ள புற்றுநோய் மருத்துவர்களின் சங்கமும் சேர்ந்து 2015இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. நோயாளி சொல்வதைக் கேட்பது, உடலைப் பரிசோதிப்பது என்று இரண்டையும் சேர்த்தே அதில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு நடந்தது அதில் பாதிதான். அந்தப் பாதியும் சரியாக நடந்ததா என்பது அடுத்த விஷயம்.

ஏனென்றால் தொலைபேசியில் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் யாராக இருந்தாலும் முதலில் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வோம், வாய் தன்னால் சொல்லிவிடும். நேரில் என்றால் நான் அதைச் சொல்லும்போதே மருத்துவர் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறேனா, சட்டைப் பொத்தானைக் கழற்ற எத்தனை நேரம் எடுக்கிறேன், கதவிலிருந்து மேசைவரை நடந்து வருவதற்குள் மூச்சு வாங்குகிறதா, எல்லாம் அவர் கண்ணில் விழும். புற்றுநோயாளியின் செயல்திறனை 0 முதல் 5 வரை மதிப்பிட ஈகாக் என்று ஒரு அளவை வைத்திருக்கிறீர்கள், எந்தச் சிகிச்சையைத் தாங்குவார், எதைத் தாங்கமாட்டார் என்பதை அந்த எண்ணையும் வைத்துத்தான் தீர்மானிக்கிறீர்கள். அந்த எண்ணை ஒருவருடைய குரலை மட்டும் கேட்டு எப்படிப் போடுகிறீர்கள்?

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் நாங்களும் குறைத்துத்தான் சொன்னோம். அந்தப் பக்கம் பேசுகிற மருத்துவரின் குரலிலேயே களைப்பு தெரியும். மூச்சுத் திணறலோடு எத்தனையோ பேர் காத்திருக்கும்போது நம்முடைய தோள்வலியை எப்படிச் சொல்வது என்று ஒரு கூச்சம். சொன்னால் நேரில் வரச் சொல்லிவிடுவார்களோ, அங்கே போய்த் தொற்றிக்கொண்டால் என்ன ஆவது என்று ஒரு பயம். நோயாளிகள் பயத்தில் குறைத்துச் சொல்வார்கள் என்பது உங்கள் அனுபவத்துக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்தும் நாங்கள் சொன்னதையே பரிசோதனை முடிவாக எடுத்துக்கொண்டீர்கள் என்பதுதான் வருத்தம்.

என்னுடையது ஒரு கதை. மற்றவர்கள் சொன்னவற்றையும், அவர்களுடைய அனுமதியோடு, யார் என்று தெரியாதபடி எழுதுகிறேன்.

குரல்வளையில் புற்றுநோய் வந்து குரல்வளையையே எடுத்துவிட்ட ஒருவர் எங்களோடு இருந்தார். அவருக்கும் ரிவியூ தொலைபேசியில்தான் வந்தது. அவரால் பேச முடியாது என்பது அவருடைய ஃபைலின் முதல் பக்கத்திலேயே இருக்கும். மனைவி எடுத்துப் பேசினார். கழுத்தில் போட்டிருக்கும் துளையைச் சுற்றி எரிகிறது, தூங்க முடியவில்லை என்பதையெல்லாம் அவர் ஒரு நோட்டில் எழுதிக் காட்டக் காட்ட மனைவி படித்துச் சொல்லியிருக்கிறார். பாதிக்கு வருவதற்குள் "சரிம்மா, மருந்து அதையே தொடருங்க" என்று அழைப்பு முடிந்துவிட்டது. மீதியை அவர் எழுதி முடித்தாராம். அந்தத் தாளை அந்த அம்மா எனக்குக் காட்டினார்கள்.

இன்னொருவர் குடல் புற்றுநோய்க்கு வீட்டிலேயே மாத்திரையாகக் கீமோ எடுத்துக்கொண்டிருந்தவர். கெப்பசிட்டபின். உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரிவது அந்த மருந்தில் தெரிந்த பக்கவிளைவு, முற்றினால் மருந்தை நிறுத்தி அளவைக் குறைக்க வேண்டும். அவர் "கை கொஞ்சம் சிவந்திருக்கு" என்று சொன்னார். க்ரீம் தடவச் சொன்னார்கள். அவர் 'கொஞ்சம்' என்று சொன்னது, டம்ளரைப் பிடிக்க முடியாமல் இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் வைத்துக் குடிக்கிற அளவு. ஒரே ஒரு போட்டோ அனுப்பச் சொல்லியிருந்தால் போதும். அதே அவருக்கு உடல் எடை பத்து கிலோவுக்கு மேல் குறைந்திருந்தது. உயரத்தையும் எடையையும் வைத்துத்தானே மருந்தின் அளவைக் கணக்குப் போடுகிறீர்கள்? ஏழு மாதம் பழைய எடைக்கே மருந்து போய்க்கொண்டிருந்தது. வீட்டில் எடை மிஷின் இருக்கிறதா என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை என்கிறார்.

மூன்றாவது ஒருவர், கீமோ முடிந்து ஒன்பதாம் நாள் ராத்திரி 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல். கீமோவுக்குப் பின் ஒன்று இரண்டு வாரத்தில்தான் வெள்ளணுக்கள் மிகக் கீழே இறங்கும், அந்த நேரத்துக் காய்ச்சல் உயிரைப் பறிக்கக்கூடியது, வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும் என்று எங்கள் எல்லாருக்கும் முதல் கீமோவுக்கு முன்னாலேயே சொல்லிக் கொடுத்தவர்கள் நீங்கள்தான். அதற்காகக் கொடுத்த எண்ணுக்கு அவருடைய மகள் கூப்பிட்டபோது கிடைத்த பதில், முதலில் கோவிட் பரிசோதனை எடுங்கள், முடிவு வந்ததும் அழையுங்கள் என்பது. எண்ணை எடுத்தவருக்கு இது புற்றுநோய் நோயாளிகளுக்கான எண் என்பதே தெரியவில்லை. மகள் கேட்காமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு அவசரப் பிரிவுக்கே போய் நின்றதால் அவர் பிழைத்தார். பிடிவாதமான ஒரு மகள் எல்லாருக்கும் இருக்க மாட்டாள்.

இதையெல்லாம்விட என் மனதை விட்டு அகலாதது, கெட்ட செய்தியைச் சொன்ன விதம். எனக்கு நோய் திரும்பியது உறுதி என்ற பயாப்ஸி முடிவு தொலைபேசியில்தான் வந்தது. 'பிரைவேட் நம்பர்' என்று திரையில் வந்தது, யாரென்றே தெரியாமல் எடுத்தேன். நான் அப்போது சாலையில், பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். "இப்போது பேசலாமா? எங்கே இருக்கிறீர்கள்? பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?" எதுவும் கேட்கவில்லை. முடிவைச் சொன்னார்கள். நான் பேசாமல் இருந்தேன். அந்தப் பக்கம் "ஹலோ, ஹலோ, கேட்குதா?" என்றார்கள். கேட்டது. கேட்டதால்தான் பேச முடியவில்லை. நேரில் அந்த மௌனம் என்ன என்பது எதிரில் இருப்பவருக்குப் புரியும். ஒரு நிமிடம் பொறுப்பார், ஒரு தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைப்பார், தோளைத் தொடுவார். தொலைபேசியில் மௌனம் என்றால் லைன் கட்டாகிவிட்டது என்று அர்த்தம். நான் "கேட்குது டாக்டர், கேட்குது" என்று இரண்டு முறை சொன்னேன், அவர் அடுத்த தேதியைச் சொல்லி வைத்துவிட்டார். நான் ஏற வேண்டிய பேருந்து வந்து போய்விட்டது.

கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று புற்றுநோய் மருத்துவர்களுக்கே ஒரு ஆறு படி முறை இருக்கிறது, ஸ்பைக்ஸ் என்பார்கள். வால்டர் பெய்ல், ராபர்ட் பக்மன் முதலானவர்கள் 2000ஆம் ஆண்டில் எழுதியது. அதில் முதல் படியே இடம்: தனிமையான ஓர் இடம், உட்கார வைத்துப் பேசுவது, வேண்டியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வது. இரண்டாவது, நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது. மூன்றாவது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது. விஷயத்தைச் சொல்வது நான்காவதாகத்தான் வருகிறது. இந்த மூன்றையும் தொலைபேசியில் கேட்க முடியாதா? தாராளமாக முடியும், ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆகவே தொலைபேசியைக் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ள உங்களுக்கும் இடமில்லை, எனக்கும் இடமில்லை.

இன்னொரு விஷயம், எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். எங்களில் சில பெண்களுக்குச் சொந்தக் கைபேசி இல்லை, கணவருடைய எண்தான் ஃபைலில் இருக்கிறது. ரிவியூ அழைப்பு அவருக்குத்தான் போகிறது. அவர் வீட்டில் இருந்தால் ஸ்பீக்கரில் போட்டுக் கொடுப்பார். ஹார்மோன் மாத்திரையால் வரும் உலர்வு, உறவில் வலி, மார்பு இல்லாத உடம்பைக் கண்ணாடியில் பார்க்க முடியாமல் இருப்பது, சாக வேண்டும் போல ஒரு எண்ணம் வந்து போவது, இதையெல்லாம் எந்தப் பெண் ஸ்பீக்கரில் சொல்வாள்? ஓபியில் என்றால் நர்ஸ் சிஸ்டர் திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போவார், கணவர் வெளியே நிற்பார், அந்த மூன்று நிமிடத்தில் எத்தனையோ வெளியே வந்திருக்கின்றன. ஒரு தோழி எனக்குச் சொன்னார்: "அந்த ரெண்டு வருஷமும் டாக்டர் என் வீட்டுக்காரர்கிட்டதான் என்னைப் பத்திப் பேசிட்டிருந்தார்."

சரி, நல்லதும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது, அதே மாத்திரையைத் தொடருங்கள் என்று கேட்பதற்காக நாலைந்து மணி நேரம் பயணம் செய்து, அரை நாள் காத்திருந்து, இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்புவது எங்களில் பலருக்குப் பெரும் தண்டனையாக இருந்தது. அது மிச்சமானது. வெள்ளணுக்கள் குறைந்திருந்த நாட்களில் கூட்டத்துக்குள் போகாமல் இருந்தது எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கும். தூரத்தில் இருக்கும் பிள்ளைகள் வீடியோ காலில் சேர்ந்துகொண்டு மருத்துவரிடம் தாங்களே கேட்டார்கள். எனக்கு, என் கடைசி மூன்று கீமோக்களுக்கும் பத்தாம் நாள் தவறாமல் ஒரு நர்ஸ் கூப்பிட்டார். காய்ச்சல் உண்டா, வாய்ப்புண் உண்டா, எத்தனை தடவை வயிற்றுப்போக்கு, விரல் நுனி மரத்திருக்கிறதா, ஊசியில் நூல் கோர்க்க முடிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்வார். "நல்லா இருக்கேன்" என்று அவரிடம் தப்பிக்கவே முடியாது. அந்த மாதிரி அழைப்புக்கு நான் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன். ஏன் அதை நிறுத்தினீர்கள்?

தூரத்திலிருந்து கவனித்தாலே உயிர் காக்கலாம் என்பதற்குச் சான்றும் இருக்கிறது. நியூயார்க்கில் உள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் ஈத்தன் பாஷ் தலைமையில், பரவிவிட்ட புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருந்த 766 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பகுதியினர் தங்கள் தொந்தரவுகளை இணையத்தில் தாங்களே பதிவு செய்தார்கள், ஏதாவது மோசமானால் உடனே நர்சுக்கு எச்சரிக்கை போகும். 2017இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்த முடிவின்படி, அப்படிப் பதிவு செய்தவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், 31.2 மாதம், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26 மாதம். ஐந்து மாதம் அதிகம். ஆனால் அங்கே என்ன செய்தார்கள் என்று கவனியுங்கள். என்னென்ன சொல்ல வேண்டும் என்று நோயாளிக்குக் கேள்விகளைக் கொடுத்தார்கள், சொன்னதைப் பார்க்க ஒரு ஆளை வைத்தார்கள், அதுவும் நேரில் பார்ப்பதோடு கூடுதலாக. நீங்கள் நேரில் பார்ப்பதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு அழைப்பை வைக்கிறீர்கள். இரண்டும் ஒன்றாகாது.

பெருந்தொற்று நடுவில் நீங்கள் எடுத்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். யாருக்கும் எதுவும் தெரியாத நேரம், இருந்ததை வைத்துச் சமாளித்தீர்கள். ஆனால் 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனமே கோவிட் அவசரநிலை முடிந்தது என்று சொல்லிவிட்டது. அவசரத்துக்குப் போட்ட தற்காலிகப் பாலத்தை இப்போது நிரந்தரச் சாலை என்று அறிவிக்கிறீர்கள். அதற்கு முன்னால் அந்தப் பாலத்தில் யார் யார் விழுந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தீர்களா?

அதனால் நான் கேட்பது இவை.

முதலில், அந்த அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். "மருத்துவர் தேவை என்று கருதினால் மட்டும் நேரில்" என்பதை "நோயாளி விரும்பினாலோ மருத்துவர் கருதினாலோ நேரில்" என்று மாற்றுங்கள். ஒவ்வொரு ரிவியூவின் முடிவிலும் அடுத்தது எப்படி வேண்டும் என்று எங்களைக் கேட்டு அதையும் ஃபைலில் எழுதுங்கள். பலர் தொலைபேசியே போதும் என்பார்கள், அவர்களுக்கு அதைக் கொடுங்கள். ஆனால் சிகிச்சை முடிந்த முதல் மூன்று வருடம், ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது ஒரு மருத்துவரின் கை எங்கள்மீது பட வேண்டும், இதை யாருடைய விருப்பத்துக்கும் விடாதீர்கள்.

தொலைபேசியில் புதிதாக ஒரு வலி, ஒரு வீக்கம், ஒரு இருமல் என்று சொன்னால் இரண்டு வாரத்துக்குள் நேரில் பார்க்கும் தேதி கொடுங்கள். இப்போது நேரில் தேதி கேட்டால் ஆறு வாரம் ஆகிறது. அறுவை சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போனாலே இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது என்று 2020 நவம்பரில் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. நோய் திரும்பியதா என்று பார்ப்பதற்கே ஆறு வாரம் போய்விட்டால், சிகிச்சை எப்போது தொடங்கும்?

அழைப்பு எந்த எண்ணிலிருந்து, எந்த நாள், எந்த ஒரு மணி நேரத்துக்குள் வரும் என்று முந்தின நாளே சொல்லுங்கள். இரண்டு முறை எடுக்கவில்லை என்றால் "நோயாளி வரவில்லை" என்று எழுதி வரிசையின் கடைசிக்குத் தள்ளுவதை நிறுத்துங்கள், கீமோ எடுத்தவர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்திருப்பார். பேச முடியாதவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் தொலைபேசி ரிவியூ கூடவே கூடாது. பெண்களிடம் தனியாகப் பேச முடிகிறதா என்று முதலில் கேளுங்கள், முடியாது என்றால் நேரில் கூப்பிடுங்கள்.

பயாப்ஸி முடிவு, ஸ்கேனில் நோய் பரவியிருப்பது, இனி மருந்து இல்லை என்பது, இந்த மூன்றையும் நேரில் மட்டும் சொல்லுங்கள். நோயாளியே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள் என்று கேட்டால், உட்கார்ந்திருக்கிறாரா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். மௌனமாக இருந்தால் ஹலோ சொல்லாமல் கொஞ்சம் பொறுங்கள்.

காய்ச்சலுக்கென்று கொடுத்திருக்கும் எண்ணை, கீமோ பற்றித் தெரிந்த ஒரு நர்ஸ் இருபத்திநாலு மணி நேரமும் எடுக்கும்படி செய்யுங்கள். பத்தாம் நாள் அழைப்பைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அதில் எடையையும் கேளுங்கள்.

கடைசியாக, பதிவுகள். தொலைபேசியில் நடந்த ரிவியூ என்றால் "தொலைபேசி வழி, உடல் பரிசோதனை செய்யப்படவில்லை" என்று எழுத வேண்டும் என்று எல்லா மருத்துவர்களுக்கும் எழுத்தில் உத்தரவு கொடுங்கள். பழைய ரிவியூக் குறிப்பை நகலெடுத்து ஒட்டும் வசதியைக் கணினியிலிருந்தே எடுத்துவிடுங்கள். 2020 ஏப்ரலிலிருந்து தொலைபேசியில் மட்டுமே பார்க்கப்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் இன்னும் ஒருமுறைகூட நேரில் பரிசோதிக்கப்படாதவர்கள் யார் என்று பட்டியல் எடுத்து, அவர்களை முதலில் கூப்பிடுங்கள். சிலர் உயிரோடு இருக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களுடைய பெயரும் பட்டியலில் இருக்கட்டும்.

என் ஃபைலில் உள்ள அந்த ஐந்து ரிவியூக்களையும் திருத்தித் தர வேண்டும். எதையும் அழிக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் கீழே, அன்று என்னை யாரும் பரிசோதிக்கவில்லை என்று ஒரு வரி எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். அடுத்த ரிவியூவுக்கு எனக்குத் தொலைபேசித் தேதி அனுப்பியிருக்கிறீர்கள். அன்றைக்கு நான் நேரில் வருகிறேன், அதற்குள் அந்த வரிகள் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருத்துவமனையின் மார்பகப் புற்றுநோய் நோயாளி ஒருவர்